பாதி மறந்த பாட்டுகள்: நண்பர்களுக்குப் பரீட்சை வைப்பது எப்படி?

வடக்குவீதி (தஞ்சாவூர்)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஒன்பது பேர் திருச்சியில் ஒன்றாகக் கல்லூரியில் படித்து 1988இல் வெளியே வந்தவர்கள். வருடத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். இந்தத் தடவை என் வீடு. மதியச் சாப்பாடு முடிந்து பாய் விரித்து உட்கார்ந்த பிறகு, நான் ஒரு மாதமாகத் தயார் செய்து வைத்திருந்த விளையாட்டை எடுத்தேன். இருபது பாட்டு. எல்லாமே வந்த காலத்தில் டீக்கடை, கல்யாண வீடு, டவுன் பஸ் என்று எங்கும் ஒலித்தவை. ஆனால் இன்று அவற்றை யாரும் தேடிப் போய்ப் போடுவதில்லை. முதல் சில நொடிகளை மட்டும் ஒலிக்கவிட்டு மூன்று கேள்வி கேட்டேன். என்ன பாட்டு? என்ன படம்? இசை யார்?

முதல் கேள்விக்குப் பல்லவி தொடங்கும் முன்பே பதில் வந்துவிட்டது. இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார்கள். படத்தின் பெயரில் பாதிக்குப் பாதி தடுமாறினார்கள். மூன்றாவது கேள்விக்கு அநேகமாக எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "இளையராஜா". நான் எடுத்த இருபதில் அவருடைய பாட்டு நான்கு மட்டுமே.

'நீலவான ஓடையில்' பாட்டுக்கு என்னோடு சண்டையே வந்தது. 1982இல் வந்த 'வாழ்வே மாயம்' படத்துக்கு இசை கங்கை அமரன் என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை, தேடிக் காட்ட வேண்டியிருந்தது. 'ரவிவர்மன் எழுதாத கலையோ' பாட்டுக்கும் அதே கதை. அது 'வசந்தி' படம், சந்திரபோஸ் இசை. 'ஆவாரம்பூவு ஆறேழு நாளா' பாட்டுக்கும் அப்படித்தான். 1984இல் வந்த 'அச்சமில்லை அச்சமில்லை', இசை வி.எஸ்.நரசிம்மன். அவர் இளையராஜாவின் குழுவில் வயலின் வாசித்தவர் என்று சொன்னதும் ஒரு நண்பன் அமைதியாகிவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ இத்தனை வருஷமா நான் வேற ஒருத்தருக்கு நன்றி சொல்லிட்டு இருந்தேனா?" என்றான்.

அந்தக் கேள்விதான் என்னை இங்கே எழுத வைத்தது. பாட்டு அப்படியே இருக்கிறது. அதைச் செய்தவரின் பெயர்தான் உதிர்ந்து போயிருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு இதைவிட நல்ல பரீட்சையாக வைக்க வேண்டும், நண்பர்களை மடக்குவதற்காக இல்லை, அந்தப் பெயர்கள் திரும்பி வருவதற்காக. எப்படிச் செய்யலாம்?

இன்னொரு உதவியும் வேண்டும். அன்று ஒரு நண்பன் ஒரு மெட்டை முணுமுணுத்தான். வார்த்தை ஒன்றுகூட நினைவில்லை. ஆண் குரல், மெதுவான பாட்டு, கூட ஒரு பெண் குரல். பல்லவியின் முதல் வரி ஏதோ கேள்வி கேட்பது மாதிரி முடியும் என்கிறான். எட்டு பேரும் மெட்டைக் கேட்டுத் தலையாட்டினோம். எல்லோருக்கும் தெரிந்த மெட்டுதான், ஒருவருக்கும் பெயர் வரவில்லை. ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

சுசீலா ரசிகை (கும்பகோணம்)

நல்ல இழை. ஆனால் உங்கள் மூன்றாவது கேள்வியில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. யார் எதைக் கேட்டு வளர்ந்தார்களோ அதைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். நான் வானொலியில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் விவித் பாரதியின் 'தேன்கிண்ணம்' ஓடாத நாளில்லை. அறிவிப்பாளர் ஒவ்வொரு பாட்டுக்கும் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார். அதனால் 'ஒரு நாள் யாரோ' என்றதும் எனக்கு சுசீலாம்மா குரலோடு வி.குமார் என்ற பெயரும் சேர்ந்தே வந்துவிடும். கேசட்டில் கேட்டவர்களுக்கு அந்த அறிவிப்பு கிடையாது. தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' பார்த்து வளர்ந்தவர்களுக்கு நடிகர் முகம் தெரியும், பின்னால் இருந்தவர் தெரியாது. ஆக, நண்பர்கள் மறந்துவிட்டார்கள் என்று சொல்வது சரியாகப் படவில்லை. பலருக்கு அந்தப் பெயர் காதில் விழவே இல்லை.

வி.குமாரைப் பற்றி ஒரு வார்த்தை. 'மேஜர் சந்திரகாந்த்', 'இரு கோடுகள்', 'வெள்ளி விழா', 'அரங்கேற்றம்' என்று கே.பாலசந்தரின் எத்தனை படங்கள்! எல்.ஆர்.ஈஸ்வரி என்றாலே துள்ளல் பாட்டு என்று நினைப்பவர்களிடம் 'வெள்ளி விழா' படத்தின் 'காதோடுதான் நான் பாடுவேன்' பாட்டைப் போட்டுப் பாருங்கள். அவ்வளவு மென்மையாக அவரைப் பாட வைத்தவர் குமார். அடுத்த பரீட்சையில் அவருக்கு ஓர் இடம் கட்டாயம் வேண்டும்.

வடக்குவீதி

அக்கா, நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். ஒன்பது பேரில் ஒருவன் மட்டும் இசையமைப்பாளர் பெயர்களைச் சரியாகச் சொன்னான். அவன் அப்பாவுக்கு மளிகைக் கடை. கடையில் நாள் முழுக்க வானொலி ஓடும்.

மேடைக் கீபோர்டு (மதுரை)

இருபத்தைந்து வருஷமாக மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். நினைவைச் சோதிப்பது எங்களுக்கு அன்றாடத் தொழில் மாதிரி. திருவிழா மேடையில் பாட்டின் பெயரை அறிவிக்க மாட்டோம். முதல் பிஜிஎம்மை வாசிப்போம். கூட்டம் எத்தனையாவது நொடியில் விசிலடிக்கிறது என்பதை வைத்து அந்தப் பாட்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

என் அனுபவத்தில், தொடக்க இசையைப் போட்டுக் கேட்பது மிகவும் சுலபமான பரீட்சை. அதில் எல்லோரும் பாஸாகிவிடுவார்கள். கஷ்டமானது இரண்டாவது இடையிசை, அதாவது முதல் சரணம் முடிந்து இரண்டாவது சரணம் வருவதற்குள் வருவது. காது அதைப் பல நூறு தடவை கேட்டிருக்கும், ஆனால் வாய் அதை ஒரு தடவைகூடப் பாடியிருக்காது. பிறகு பாருங்கள், பெரும்பாலானவர்கள் பாட்டின் நடுவிலிருந்து தொடங்க முடியாமல் முதலிலிருந்து மனசுக்குள் ஓட்டிக்கொண்டே வருவார்கள். உதடு அசைவது தெரியும். எங்கள் பாடகர்களும் அப்படித்தான், சரணத்தின் முதல் சொல் விட்டுப்போனால் பல்லவியைத் திரும்பப் பிடித்துத்தான் உள்ளே போவார்கள். அதனால் உங்கள் நண்பர்களுக்கு நேரம் கொடுங்கள். பத்து நொடியில் பதில் வேண்டும் என்று அவசரப்படுத்தினால் தெரிந்ததும் வராது.

ஒரு பாட்டு சொல்கிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள். 1990இல் வந்த 'இணைந்த கைகள்' படத்தின் 'அந்திநேரத் தென்றல் காற்று'. எஸ்.பி.பி.யும் ஜெயச்சந்திரனும் சேர்ந்து பாடியது. இன்றைக்கும் தென் மாவட்டத்தில் எந்த ஊர் மேடையில் தொடங்கினாலும் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் எழும். இசை ஞான் வர்மா என்று சொன்னால் யாருக்கும் தெரியாது.

நிதானம் (கோவை)

பள்ளி ஆசிரியர் நான். நினைவாற்றல் பற்றிப் படிப்பதில் ஆர்வம் உண்டு. கீபோர்டு சார் சொன்னதற்கு ஆய்வுகளிலும் ஆதாரம் இருக்கிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், அப்போது பிரபலமாக இருந்த பாப் பாட்டுகளை ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வெட்டி ஒலிக்கவிட்டார்கள். அதில் ஒரு மெட்டும் இருக்க முடியாது, வார்த்தையும் இருக்காது. இருந்தும் எது எந்தப் பாட்டு என்று கேட்டவர்களால் பொருத்திச் சொல்ல முடிந்தது. பத்தில் ஒரு பங்கு நொடியிலும் ஓரளவு முடிந்தது. ஒலிப்பதிவின் நாதத்தை, அந்த வாத்தியங்கள் சேர்ந்து ஒலிக்கும் நிறத்தைத்தான் நாம் பிடித்துக்கொள்கிறோம் என்பது அதன் முடிவு. பதில்களின் பட்டியல் அவர்கள் கையில் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். பட்டியலைப் பார்த்து அடையாளம் காண்பது வேறு, வெறும் மனதிலிருந்து பெயரை எடுத்து வருவது வேறு.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. டேனியல் லெவிட்டின் என்ற ஆய்வாளர் மாணவர்களிடம், எதையும் ஒலிக்கவிடாமல், மனதில் நிற்கும் ஒரு பாப் பாட்டைப் பாடச் சொன்னார். அந்த ஆய்வு 1994இல் வந்தது. ஐந்தில் இருவர் குறைந்தது ஒரு தடவையாவது அசல் பதிவின் சுருதியிலேயே தொடங்கினார்கள். இசை படித்தவர்கள் என்று பொறுக்கி எடுத்தவர்கள் இல்லை! வடக்குவீதி சார், அடுத்த முறை உங்கள் நண்பர்கள் பாடும்போது பதிவு செய்து அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆச்சரியப்படுவீர்கள்.

ஒரு வேண்டுகோள். எங்கள் வயதில் பெயர் வராமல் தவிப்பது மனதைக் கொஞ்சம் பயமுறுத்தும். நாக்கு நுனியில் நிற்கிறது, வரவில்லை என்றால் சிலருக்கு முகமே வாடிவிடும். மதிப்பெண் போடாதீர்கள். குழுவாகச் சேர்ந்து பதில் சொல்லவிடுங்கள். ஒருவருக்கு நடிகர் முகம் வரும், இன்னொருவருக்குத் தியேட்டர் பெயர் வரும், மூன்றாமவருக்குப் படம் வந்துவிடும்.

மேடைக் கீபோர்டு

மதிப்பெண் இல்லாமல் என்ன சார் பரீட்சை? கொஞ்சம் போட்டி இருந்தால்தான் மூளை தேடும். ஆனால் குழுவாகச் சொல்லவிடுவது சரி. இரண்டு அணியாகப் பிரித்துவிடலாம்.

ரெக்கார்டிங்கடை மகள் (திண்டுக்கல்)

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா 1979இலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் பஸ் ஸ்டாண்ட் பக்கம், கேட்கிற பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் கடையில்தான் இருப்பேன். பாட்டுப் பெயர்களைக் கேசட் அட்டையில் எழுதும் வேலை என்னுடையது.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பாட்டின் பெயர் தெரியாது. "அந்தப் பாட்டு, இப்படிப் போகுமே" என்று வெட்கப்பட்டுக்கொண்டே முனகுவார்கள். அப்பா ஒருபோதும் முதலில் படத்தின் பெயரைக் கேட்க மாட்டார். "எங்க வச்சுக் கேட்டீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். கல்யாண வீடா, சாவு வீடா, கோயில் மைக் செட்டா, பஸ்ஸா? அடுத்து, "அதுக்கு முன்னாடி என்ன பாட்டு போச்சு?" இந்த இரண்டாவது கேள்விதான் முக்கால்வாசி முடிச்சை அவிழ்க்கும். ஏனென்றால் கேசட்டில் பாட்டுகளுக்கு வரிசை உண்டு. ஒரு பாட்டு முடிகிற அந்த மௌனத்திலேயே அடுத்த பாட்டின் முதல் சத்தம் காதுக்குள் வந்துவிடும். வேறு எங்காவது அதே பாட்டைக் கேட்டால்கூட, முடிந்தவுடன் மனசு கேசட்டில் இருந்த அடுத்த பாட்டுக்குத் தயாராகிவிடும். இங்கே பலருக்கும் இது நடந்திருக்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம். ஆறு பாட்டு நிம்மதியாக அடங்கும், ஏழாவது சில நேரம் அடங்காது. வாடிக்கையாளர், "பரவாயில்ல, இருக்கிற வரைக்கும் ஏத்துங்க" என்பார். நடுவில் டேப் தீர்ந்து 'டக்' என்று பட்டன் மேலே எழும். எத்தனையோ பேருக்கு அந்தப் பாட்டு அந்த இடத்தோடு முடிந்துவிட்டது. பாதி மறந்த பாட்டு என்கிறீர்களே, அதில் சில பாட்டுகளை நாம் பாதிதான் கேட்டிருக்கிறோம்.

வடக்குவீதி அண்ணா, உங்கள் நண்பரிடம் அப்பாவின் இரண்டு கேள்வியையும் கேளுங்கள். எங்கே கேட்டார்? அதற்கு முன்னால் என்ன பாட்டு?

யாழ்ப்பாணத்துச் சைக்கிள் (டொரன்டோ)

வணக்கம். நீங்கள் எல்லோரும் சினிமாப் பாட்டைப் பற்றியே கதைக்கிறீர்கள். எங்களிடம் வேறொரு பெட்டி இருக்கிறது, அதையும் திறந்து பார்க்க வேண்டும். எழுபதுகளில் இலங்கையில் தமிழ் பொப் பாடல்கள் சினிமாவுக்கு வெளியே தனியாகப் பெரிய அலையாக எழுந்தன. கிட்டார், பைலா தாளம், எங்கள் பேச்சுத் தமிழ். போன மாதம் இங்கே ஒரு பிறந்தநாள் விழாவில் 'சின்ன மாமியே' பாட்டைத் தொடங்கினேன். ஐந்து வயதுப் பிள்ளையிலிருந்து எழுபது வயது அம்மா வரைக்கும் சேர்ந்து பாடினார்கள். பாடியவர் யார் என்று கேட்டேன். "அது சும்மா எங்கட ஊர்ப் பாட்டு" என்றார்கள். நாட்டுப்பாடல் என்றே நினைத்திருக்கிறார்கள். நித்தி கனகரத்தினம் என்ற பெயரை மேசையில் இருந்த பதினைந்து பேரில் இருவர்தான் சொன்னார்கள். 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' பாட்டும் அவருடையதுதான் என்றதும் இன்னும் வியப்பு.

'சுராங்கனி' என்றால் தமிழ்நாட்டிலும் தெரியும். ஏ.ஈ.மனோகரன், உங்களுக்கு அவர் சிலோன் மனோகர். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அந்தச் செய்தி வந்த அன்றுதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பதே தெரிந்தது. ஒரு பாட்டு ஊர்ப் பாட்டாக மாறுவது பாடியவருக்குப் பெரிய பெருமை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பெயரும் சேர்ந்து வர வேண்டும்.

பரீட்சைக்கு ஒரு யோசனை. அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' நினைவிருக்கிறதா? வானொலியில் தொடங்கி, பிறகு தொலைக்காட்சிக்கும் வந்தது. கொடுத்த எழுத்தில் பாட வேண்டும். அந்த ஒற்றை எழுத்து எப்படி நினைவைக் கிளறும் என்று அதில் பார்த்திருக்கிறோம். பெயர் வராமல் தவிப்பவருக்கு நேரே விடையைச் சொல்லாமல் முதல் எழுத்தை மட்டும் கொடுங்கள்.

இரண்டாயிரத்துப் பையன் (சென்னை)

நான் இங்கே வயதில் சின்னவன், 1996இல் பிறந்தவன். எங்களுக்கும் பாதி மறந்த பாட்டு உண்டு. நண்பர்களிடம் 'ரகசியமாய்' பாட்டைப் போட்டேன். 2001இல் வந்த 'டும் டும் டும்'. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், ஏ.ஆர்.ரஹ்மான், வித்யாசாகர், ஹாரிஸ். கார்த்திக் ராஜா என்று ஒருவரும் சொல்லவில்லை. அண்ணன்கள் காலத்தில் எல்லாம் இளையராஜா கணக்கில் சேர்ந்தது மாதிரி, எங்கள் காலத்தில் நல்ல மெலடி எல்லாம் ரஹ்மான் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

'மடை திறந்து' விஷயத்தில் எங்களுக்குத் தலைகீழாக நடந்தது. மலேசியாவின் யோகி பி–நட்சத்திரா 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தில் அதை ராப்பாகச் செய்தார்கள். நான் அதைத்தான் முதலில் கேட்டேன். 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தில் எஸ்.பி.பி. பாடிய அசலைப் பத்து வருஷம் கழித்து அப்பாவோடு காரில் போகும்போது கேட்டு, "இது எங்க பாட்டாச்சே!" என்றேன். அப்பா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு முழுப் பாட்டையும் கேட்க வைத்தார். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து விளையாடுகிற மாதிரி ஒரு சுற்று வையுங்கள் அண்ணே. ஒரே பாட்டின் இரண்டு வடிவம், ஆளுக்கு ஒன்று தெரிந்திருக்கும்.

சுசீலா ரசிகை

தம்பி, உன் அப்பாவுக்கு என் வணக்கம்.

பொறிக் கேள்விகள் சிலவற்றை நானும் யோசித்து வைத்திருக்கிறேன். 'தேன் சிந்துதே வானம்' பாட்டு எந்தப் படம்? கேட்ட உடனே எல்லோரும், "அதே பெயரில் படம் இருக்கே!" என்பார்கள். இல்லை. பாட்டு 1973இல் வந்த 'பொண்ணுக்கு தங்க மனசு' படத்தில் வருவது, இசை ஜி.கே.வெங்கடேஷ், எஸ்.பி.பி.யும் ஜானகியும் பாடியது. இளையராஜா உதவியாளராக இருந்தது இந்த வெங்கடேஷிடம்தான். 1975இல் வந்த 'தேன் சிந்துதே வானம்' என்ற படத்தில் இருப்பது யேசுதாஸ் பாடிய 'உன்னிடம் மயங்குகிறேன்'. இசை, மறுபடியும் நம் வி.குமார்!

இதே மாதிரி 'ஜாதிமல்லி பூச்சரமே' பாட்டு 'ஜாதிமல்லி' படத்தில் இல்லை. அது 'அழகன்', 1991. இரண்டு படமும் பாலசந்தருடையவை, இரண்டுக்கும் மரகதமணிதான் இசை என்பதால் குழப்பம் இன்னும் கூடும். 2023இல் ஆஸ்கர் மேடையில் நின்ற கீரவாணிதான் அந்த மரகதமணி என்று கடைசியில் சொல்லுங்கள். 'சங்கீத ஸ்வரங்கள்' பாட்டை விடிய விடியக் கேட்டவர்களில் எத்தனை பேர் அன்று அவரை அடையாளம் கண்டிருப்பார்கள்?

மேடைக் கீபோர்டு

அக்கா, 'செந்தூரப்பூவே'யை விட்டுவிட்டீர்களே. ஜானகியம்மா பாடிய பாட்டு '16 வயதினிலே', 1977. 'செந்தூரப்பூவே' என்ற படம் வந்தது 1988இல், இசை மனோஜ்–ஞான்.

அந்த மனோஜ்–ஞான் என்றதும் 'ஊமை விழிகள்' ஞாபகம் வருகிறது. 'தோல்வி நிலையென நினைத்தால்' பாட்டை இன்று கூட்டங்களிலும் போராட்டங்களிலும் போடுகிறார்கள். அதில் ஆபாவாணனோடு சேர்ந்து பாடுவது யார் என்று கேளுங்கள். பி.பி.ஸ்ரீநிவாஸ்! 'காலங்களில் அவள் வசந்தம்' பாடிய அதே மெல்லிய குரல். சொன்ன பிறகு திரும்பக் கேட்டால் 'அட, ஆமாம்' என்று இருக்கும். சொல்லாமல் யாரும் கண்டுபிடித்து நான் பார்த்ததில்லை.

குரலுக்கென்று தனியாக ஒரு சுற்று வேண்டும் என்றால் வேறெங்கும் போக வேண்டாம். 'ஜானி', 1980. ஐந்து பாட்டு, ஐந்து குரல். எஸ்.பி.பி., ஜானகி, எஸ்.பி.ஷைலஜா, ஜென்ஸி, சுஜாதா. எந்தப் பாட்டு யார் குரல் என்று பொருத்தச் சொல்லுங்கள். 'என் வானிலே' பாட்டுக்கும் 'ஒரு இனிய மனது' பாட்டுக்கும் அடிதடியே நடக்கும். முன்னது ஜென்ஸி, பின்னது சுஜாதா. மலேசியா வாசுதேவனையும் மறக்காதீர்கள். 'தர்ம யுத்தம்' படத்தின் 'ஆகாய கங்கை' பாட்டை எஸ்.பி.பி. கணக்கில் எழுதுகிறவர்கள் ஏராளம். மனுஷர் தன்னுடைய பாட்டுக்கே உரிமையாளராக நினைவில் இல்லாமல் போவது எனக்கு வலிக்கும் விஷயம். மேடையில் அந்தப் பாட்டைப் பாடும்போது மட்டும் நாங்கள் அவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவோம்.

நிதானம்

எல்லாமே நல்ல கேள்விகள். ஆனால் வடக்குவீதி சார், பாட்டுகளைப் பொறுக்கும்போது உங்கள் நண்பர்களின் பதினைந்து வயதுக்கும் இருபத்திரண்டு வயதுக்கும் இடைப்பட்ட வருடங்களைப் பாருங்கள். பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் சேர்ந்த நினைவுகள் பிற்காலத்தில் மற்ற வருடங்களைவிட அடர்த்தியாக நிற்கும், இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. உங்களுக்கு அது ஏறக்குறைய 1982இலிருந்து 1989 வரை. வி.குமாரும் ஜி.கே.வெங்கடேஷும் உங்கள் அண்ணன்மார் காலம். அவற்றைக் கேட்பதில் தவறில்லை, அந்தச் சுற்றில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வடக்குவீதி

நண்பனிடம் பேசிவிட்டேன். திண்டுக்கல் தங்கச்சி சொன்ன இரண்டு கேள்வியையும் அப்படியே கேட்டேன். எங்கே என்றதும் அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கரூரில் அவன் அண்ணன் அறை. அண்ணன் வேலைக்குப் போன பிறகு திருட்டுத்தனமாக டேப் ரிக்கார்டரைப் போட்டுக் கேட்பானாம். அதற்கு முன்னால் என்ன பாட்டு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு போனிலேயே பாடத் தொடங்கினான். 'உன்னிடம் மயங்குகிறேன்'. அது முடிந்ததும் இது. இந்தப் பாட்டு நடுவில் நின்றுவிடும் என்றும் சொன்னான். டேப் அங்கே தீர்ந்துவிடுமாம்! தங்கச்சி, உங்கள் முதல் பதிவை அவனுக்குப் படித்துக் காட்டவே இல்லை, அவனாகச் சொன்னது.

ரெக்கார்டிங்கடை மகள்

அண்ணா, இப்போதுதான் பரணிலிருந்து அப்பாவின் நோட்டை இறக்கினேன். கறையான் ஓரத்தை அரித்திருக்கிறது, எழுத்து தெரிகிறது. பாட்டு தேர்ந்தெடுக்கத் தெரியாதவர்களுக்காக அப்பா தயார்ப் பட்டியல்கள் எழுதி வைத்திருப்பார். சோகம், மெலடி, டூயட் என்று தலைப்பு போட்டு. 'மெலடி' என்ற தலைப்பில் 'உன்னிடம் மயங்குகிறேன்' மூன்று இடத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே 'சம்சாரம் என்பது வீணை'. இரண்டு பட்டியலில் 'உன்னிடம் மயங்குகிறேன்' பாட்டை அடுத்து, பக்கத்தின் கடைசிப் பாட்டாக, 'மழை தருமோ என் மேகம்'.

மெதுவான பாட்டு. எஸ்.பி.பி., கூடவே ஷைலஜா. 'தருமோ' என்று கேட்கிறது அல்லவா? 'மனிதரில் இத்தனை நிறங்களா' படம், 1978. கரூர்க் கடைக்காரர் அப்பா மாதிரியே வரிசைப்படுத்தியிருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் இதைப் போட்டுக் காட்டுங்கள்.

மேடைக் கீபோர்டு

அதேதான்! அதேதான்! படித்த உடனே மெட்டு கைவிரலுக்கு வந்துவிட்டது. இசை ஷியாம். வயலின் கலைஞர், மலையாளத்தில் ஏராளமான படங்களுக்கு இசையமைத்தவர். தமிழில் அவருடைய பெயர் சொல்ல இந்த ஒரு பாட்டு போதும்.

சுசீலா ரசிகை

இதையும் இளையராஜா என்று சொல்லியிருப்பார்கள் பாருங்கள்.

வடக்குவீதி

ராத்திரி ஒன்பது மணிக்கு அவனுக்குப் பாட்டை அனுப்பினேன். பத்து நிமிஷம் பதில் இல்லை. அப்புறம் போன் வந்தது. பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, இவன் கூடவே பாடுகிறான். பல்லவி, முதல் சரணம், ஒரு சொல் பிசகவில்லை. வார்த்தை ஒன்றுகூடத் தெரியாது என்று சொன்னவன்! ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிட்டான். "இங்கதான்டா கட் ஆகும்" என்றான். பாட்டு நிற்காமல் மேலே போனது. அவன் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மிச்சத்தை இரண்டு பேரும் கடைசி வரை கேட்டோம். அந்த மிச்சத்தை அவன் கேட்பது இதுதான் முதல் தடவை.

முடிந்ததும், "இசை யாருடா?" என்று அவனே கேட்டான். ஷியாம் என்றேன். இரு, எழுதிக்கொள்கிறேன் என்று பேனா தேடப் போனான்.

அடுத்த கூட்டம் அவன் வீட்டில். அவன் அண்ணனையும் வரச் சொல்லியிருக்கிறான்.